வழிச்சோறு

புளியங்காட்டு வலசு,
காங்கேயம் வழி,
19-1-1958

பிரியமுள்ள பத்மாவதிக்கு முத்தாத்தாள் எழுதிக்கொண்டது.

நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கச் சிவன்மலை ஆண்டவனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். பொங்கலுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். நாங்கள் ஊருக்காகப் பானை ஏற்றினோம், அவ்வளவுதான். ஒருவர் வாயிலும் பொங்கல் இறங்கவில்லை.

என் மருமகள் பழனாத்தாளை உனக்கு ஞாபகம் இருக்கும். தம்பிதுரை கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, "உன் மருமகளுக்கு வாய் இருக்குதா இல்லையா?" என்று என்னைக் கேலி செய்தாயே, அந்தப் பெண். பேத்தி சரசு பிறந்ததிலிருந்து அவளுக்கு உடம்பு தேறவேயில்லை. தீபாவளிக்கு முன்னால் பிடித்த இருமல் விடவில்லை. போன மாதம் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தவள் இருமிவிட்டு முந்தானையைச் சுருட்டி மறைத்தாள். நான் பிடுங்கிப் பார்த்தேன். ரத்தம்.

என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று நீ அறிவாய். அவரும் துண்டைச் சுருட்டித்தான் மறைத்தார். கடைசி வரைக்கும் அவர் பக்கத்தில் இருந்தவள் நான். இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, பத்மா. வீட்டில் சின்னக் குழந்தை வேறு.

நீ க்ஷயரோக ஆஸ்பத்திரியில் நோயாளர் துணைச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறாயே, அவளுக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடு. சத்தியமங்கலத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவதாக ஊரில் சொல்லிக்கொள்கிறேன். அந்த அண்ணனோ, விஷயம் தெரிந்ததும், "இங்க கூட்டியாந்துறாதீங்க" என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டான். எங்கள் ஊர்ப் பேர் மட்டும் அங்கே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள். பள்ளிக்கூட நாளில் உக்கடம் குளக்கரையில் உன் தூக்குப்போசிச் சோற்றில் நான் கை விட்டுச் சாப்பிட்டதை உன் அம்மாவிடம் சொல்லாமல் காப்பாற்றினாய். இதையும் காப்பாற்று.

இப்படிக்கு
உன் முத்தாத்தாள்


ரேஸ்கோர்ஸ்,
கோயமுத்தூர்,
23-2-1958

என் அருமை முத்தாத்தாவுக்கு,

பழனாவுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. பெண்கள் வார்டில் ஜன்னலோரம். டாக்டர் வரதராஜுலு முகம் கடுகடுவென்று இருக்கும், மனசு அப்படியில்லை. "ஊசியும் மாத்திரையும் ஒழுங்காகப் போட்டால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் ஒரு வருஷத்துக்குக் குறையாது" என்றார். உன் வீட்டுக்காரர் காலத்தில் இந்த மருந்து இல்லையே என்று எனக்கு நெஞ்சு வலித்தது.

மருந்து கொடுப்பது ஆஸ்பத்திரி. மற்றதெல்லாம் எங்கள் சங்கத்தின் பாடு. ஊரில் ஐம்பது அறுபது வீடுகளில் பிடியரிசிப் பானை வைத்திருக்கிறோம். வீட்டுக்கார அம்மாக்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அதில் போட வேண்டும். சனிக்கிழமை நான் போய் அள்ளி வருவேன். மூட்டை தூக்கும் செயலாளரை நீ பார்த்திருக்கமாட்டாய். பால், முட்டை, எங்கள் மில்லில் கழித்த துணியில் விரிப்பு, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதுவது, ஊருக்குப் போக பஸ் சார்ஜ், எல்லாம் எங்களுடையது. நோயாளிகளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் புளியமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சாவடி கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. உனக்குச் சொன்னால் பிடிக்கும். சங்கத்தைத் தொடங்கிய பங்காரம்மா ஏற்படுத்தியது. ஒருத்திக்குக் குணமாகி டாக்டர் கையெழுத்துப் போட்டதும், கூட்டிப்போக வந்த சொந்தக்காரர் எங்கள் சமையல்கூடத்தில் இலை முன்னால் உட்கார வேண்டும். குணமானவள் தன் கையால் பரிமாற வேண்டும். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவளை அனுப்புவோம். வழிச்சோறு என்று பேர். முன்பு சிலபேர் வாசலில் வந்து கூட்டிப்போய், வீட்டில் ஏற்றாமல் மாட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டார்களாம். அவள் கையால் சாப்பிட்டவன் வீட்டுக்குக் கூட்டிப்போவான், சாப்பிடாதவன் கூட்டிப்போகமாட்டான் என்பாராம் பங்காரம்மா.

அந்தச் சமையல்கூடத்தில் வெங்கடம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். எங்கள் ஜனம்தான், மில் தொழிலாளி வீட்டுப் பெண். குணமாகி வருஷக்கணக்காகிறது. புருஷன் வரவேயில்லை. காய் நறுக்கிக்கொண்டு, ரசம் வைத்துக்கொண்டு இருக்கிறாள். யார் வழிச்சோறு சாப்பிட வந்தாலும் எட்டிப் பார்த்து, "யாரூட்டுக்காரங்க வந்திருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, ரசத்தைக் கிண்டப் போய்விடுவாள்.

நேற்று பழனா பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்து, என் பிளாஸ்க்கிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே உன் பள்ளிக்கூடச் சேட்டைகளை எல்லாம் சொன்னேன். வாய் திறக்காத உன் மருமகள் சிரித்தாள். பிறகு, "அத்தை எப்ப வாராங்க?" என்று கேட்டாள். எப்போது வருகிறாய்?

அன்புடன்
பத்மா


புளியங்காட்டு வலசு,
8-6-1958

அன்புள்ள பத்மாவுக்கு,

உன் மூன்று கடிதமும் வந்து சேர்ந்தன. பதில் போட முடியாமல் போனதற்கு வைய வேண்டாம். கொப்பரைக் களம், மாட்டுச் சந்தை, சரசுவுக்கு அம்மை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோம்.

நான் வரவில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் குத்துகிறாய். நான் கோயமுத்தூர் பஸ் ஏறினால், "எங்கீங்க போறீங்க?" என்று ஊரே கேட்கும். தம்பிதுரை ஒருமுறை வந்து பார்த்தானே. திரும்பி வந்தவன் இரண்டு நாள் தொழுவத்திலேயே படுத்துக்கொண்டான். அவனுக்கு என்னை எதிர்த்துப் பேசவும் தெரியாது, அவளை விடவும் மனசில்லை.

வெறும் கையோடு நான் இருப்பேன் என்று நினைக்காதே. பால் போதவில்லை, வெயில்காலத்தில் பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று எழுதியிருந்தாய். நம் பண்ணையாள் பொங்கியண்ணனிடம் ஒரு கறவை எருமை அனுப்பியிருக்கிறேன். தொழுவத்திலேயே நல்ல எருமை. சாதுவானது, யார் உட்கார்ந்தாலும் கறக்கும். கூடவே ஒரு வண்டி பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும். உன் நோயாளிகள் எல்லோரும் தண்ணீர் கலக்காத பால் குடிக்கட்டும். பழனாவுக்கும் ஒரு டம்ளர் கூடுதலாகக் கொடு.

முத்தாத்தாள்


கோயமுத்தூர்,
17-6-1958

முத்தாத்தா,

எருமை வந்தது. கமிட்டி சார்பில் நன்றிக் கடிதம் தனியாக வரும். அதில் நல்ல வார்த்தைகள் நிறைய இருக்கும். இது நான் எழுதுவது.

பொங்கியண்ணன் எருமையை வார்டு ஜன்னல் வழியாகத்தான் ஓட்டி வந்தார். பழனா படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவும் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு அவள் என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங்கம்மா, இது எங்கண்ணன் எனக்குச் சீரா குடுத்த எருமைங்க. சீரையே திருப்பி அனுப்பிச்சுபோட்டாங்கன்னா, அப்ப நான் ஊட்டுக்குப் போறதில்லீங்களா?"

உன் வீட்டில் எருமைக்குப் பஞ்சமா? தொழுவத்தில் அத்தனை நிற்க, கல்யாணச் சீராக வந்ததையா அவிழ்த்துவிட வேண்டும்? உங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் சீர் மாட்டை வீட்டை விட்டு ஓட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? தெரியாமல் செய்தாயா, தெரிந்தே செய்தாயா என்பதை மட்டும் எழுது. அவளுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து அவள் பால் குடிப்பதில்லை. வெங்கடம்மாள் மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது சொல்லிக் கஞ்சி குடிக்க வைக்கிறாள்.

பத்மா


புளியங்காட்டு வலசு,
11-1-1959

அன்புள்ள பத்மாவுக்கு,

இத்தனை மாதம் பதில் போடாதது உன் மேல் கோபத்தால் அல்ல. நீ கேட்டதற்கு, நடந்ததை அப்படியே சொல்கிறேன். நல்ல பால் போக வேண்டும் என்று நினைத்தேன், நல்ல எருமையை அவிழ்த்தேன். சீர் எருமை என்று கயிற்றைப் பிடித்த கைக்குத் தோன்றவில்லை. மனசுக்கு அடியில் தோன்றியிருக்குமோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

கபத்தில் கிருமி இல்லை, தை முடிவதற்குள் அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல செய்திதான். படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். டாக்டர் ஆயிரம் சொல்வார். என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரு சித்திரை முழுக்க இருமல் நின்றிருந்தது. காடு கழனி எல்லாம் நடந்தார். ஆடிக்குள் போய்விட்டார். இங்கே சரசு இருக்கிறாள். அம்மாவைக் கண்டால் மடியைவிட்டு இறங்குவாளா?

நான் ஒன்று யோசித்திருக்கிறேன். நீ ஆசைப்பட்ட சாவடியை நானே கட்டித் தருகிறேன், முழுக்க. கல்லும் மரமும் இங்கிருந்தே அனுப்புகிறேன். என் வீட்டுக்காரர் பேர் வைத்தால் போதும். அதில் ஒரு அறை பழனாவுக்கு. உன் கண்ணெதிரே, உங்கள் சங்கத்து வேலையைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக இருக்கட்டும். சோற்றுக்கும் துணிக்கும் வருஷா வருஷம் நான் பொறுப்பு. தம்பிதுரை மாதம் ஒருமுறை வந்து பார்ப்பான். அவளை நான் கைவிடவில்லை, பத்மா. அப்படி மட்டும் எழுதிவிடாதே.

உன் முத்தாத்தாள்


கோயமுத்தூர்,
2-2-1959

முத்தாத்தா,

உன் கடிதத்தைக் கமிட்டியில் படித்தேன், சாவடியைப் பற்றிய பகுதியை மட்டும். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். என் வீட்டுக்காரர்கூட, "உன் சிநேகிதி பெரிய மனசுக்காரி" என்றார். அடிக்கல் நாட்ட நாள் பார்க்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. இப்போது கமிட்டியில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். நோயாளிகளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் தங்கச் சாவடி கட்டுகிறாய். அதில் வந்து தங்க நீ மட்டும் வரமாட்டாய். உன் மருமகளை உள்ளே வைத்துப் பூசிவிட்டு, அதன் மேல் உன் வீட்டுக்காரர் பேரை எழுதச் சொல்கிறாய். நான் எழுதமாட்டேன்.

அந்த மனுஷர் மூச்சு இறைத்துக் கிடந்தபோது ஊரே ஒதுங்கி நின்றது, நீ ஒருத்திதான் பக்கத்தில் இருந்தாய். அந்த முத்தாத்தாளைப் பார்த்துத்தான் எனக்கு இந்தச் சங்கத்துக்கு வரவே தோன்றியது. அது உனக்குத் தெரியாது. அவளா இப்போது இப்படி எழுதுகிறாள்?

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பழனா துணியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். வாசலில் பஸ் நின்றால் எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள். போன வாரம் வெங்கடம்மாள் அவளுக்கு வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள், கண் எரியாமல் உரிப்பது எப்படி என்று. அதைப் பார்த்துவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நீ வராவிட்டால் இன்னொரு வெங்கடம்மாள், அவ்வளவுதான்.

வழிச்சோற்றுக்கு வா. வராவிட்டால் எனக்கு இனிமேல் எழுதாதே.

பத்மாவதி


புளியங்காட்டு வலசு,
15-4-1959

பத்மாவதி அம்மணிக்கு,

எழுதாதே என்றாய். வந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் வந்தபோது நீ மதராஸில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தாய். நல்லதாய்ப் போயிற்று. நீ இருந்திருந்தால் உனக்காக வந்ததாக ஆகியிருக்கும்.

சரசுவால் வந்தேன். எருமை கட்டியிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டு, "ஆத்தா, எருமைக்கும் இருமலா?" என்று கேட்டாள். குழந்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, பத்மா. இருமினால் இந்த வீட்டில் ஓட்டிவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டிருக்கிறது. அதற்கு முந்தின வாரம் சளி பிடித்து, வாயைப் பொத்திக்கொண்டு தானியக் குதிருக்குப் பின்னால் போய் இருமினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். மறுநாள் தம்பிதுரையோடு பஸ் ஏறிவிட்டேன்.

பழனா என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். சமையல்கூடத்தில் இலை போட்டார்கள். அவள் சோற்றை இலையில் படாமல் மேலிருந்து போட்டாள், என் மேல் மூச்சு படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ரசத்தைத் தள்ளி நின்று ஊற்றியதில் இலைக்கு வெளியே ஓடிற்று. முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பொய் சொல்லமாட்டேன், பயந்தேன். பயந்துகொண்டுதான் விழுங்கினேன். பிறகு, "இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு" என்றேன். அப்போதுதான் அவள் உட்கார்ந்து அழுதாள்.

பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, "ஏனுங்க, அண்ணன் ஊட்டுலிருந்து மருமகளக் கூட்டியாரீங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க. டி.பி. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டியாரேன். நல்லாயிருச்சு" என்றேன். அவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். போகட்டும். பழனா காங்கேயம் வரும்வரை என் முந்தானையைப் பிடித்திருந்தாள். எருமை உங்களிடமே இருக்கட்டும். கிளம்பும்போது பழனாதான் அதன் கயிற்றை உங்கள் ஆள் கையில் கொடுத்தாள். இது அவள் கொடுத்தது, நான் கொடுத்ததல்ல.

இப்போது உன் விஷயம். நான் சாப்பிட்டு எழுந்ததும் வெங்கடம்மாளிடம், "செயலாளரம்மாவும் இங்கதான் சாப்பிடுவாங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். அவள் கள்ளமில்லாமல், "அய்யோ, அவுங்க இங்க பச்சத்தண்ணி கூடத் தொடமாட்டாங்க. ஊட்டுலிருந்து பிளாஸ்க்குல வருமுங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்ட நாம் இரண்டு பேரில், அந்தச் சமையல்கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்தது நான் மட்டும்தான். என்னை நீ வைத வசவெல்லாம் எனக்குத் தகும். ஆனால் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வைதிருக்க வேண்டாம்.

முத்தாத்தாள்


கோயமுத்தூர்,
24-5-1959

முத்தாத்தா,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அது அங்கேயே கிடந்து குத்தியது. போன வெள்ளிக்கிழமை பிளாஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானம் சமையல்கூடத்தில் போய், "இன்று எனக்கும் ஓர் இலை போடுங்கள்" என்று உட்கார்ந்தேன். நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் வரதராஜுலு வாசற்படியில் நின்றுவிட்டார். வெங்கடம்மாள் கையில் சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். பிறகு பரிமாறினாள். அவள் ஒரு துளிகூடச் சிந்தவில்லை. நான்தான் முதல் கவளத்தை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். உனக்கு வந்த அதே பயம், முத்தாத்தா. இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு அது இருக்கக்கூடாது என்று நான் பேசியிருக்கிறேன். ரசம் நன்றாக இருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கை கழுவி, உனக்குக் கொடுக்க வேண்டிய பதிலைக் கொடுத்துவிட்டதாக நிம்மதியாகக் காருக்கு வந்தேன்.

கார்ப் பக்கத்தில் வெங்கடம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தலை வாரிக் கொண்டை போட்டு, குங்குமம் இட்டு, சங்கத்தில் எப்போதோ கொடுத்த புதுச்சேலையைக் கட்டியிருந்தாள். பெட்டிக்கு அடியில் மடித்தே வைத்திருந்தாள் போலிருக்கிறது. கையில் துணி மூட்டை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"போலாமுங்களா அம்மா?"

யார் எப்போது வந்து சாப்பிட்டாலும், அது யார் வீட்டுக்காரர் என்று கேட்டுவிட்டு ரசத்தைக் கிண்டப் போனவள் அவள். அவள் கையால் ஒருத்தி சாப்பிட்டுவிட்டாள். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அவளுக்குத் தெரியும். உன் வாயை அடைக்கத்தான் உட்கார்ந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? ஜன்னலில் வார்டே நின்று பார்த்தது. நான் கார்க் கதவைத் திறந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சமையற்காரர் மறுநாளே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. மில் பங்களாவுக்குப் போய்விட்டார், சாப்பாடும் அங்கேயே. சங்கத்துக்கு அவர் இவ்வளவு செய்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை அவருக்கு எல்லோரும் பாவப்பட்டவர்கள். வீட்டுக்குள் வந்தால் வேறு. உனக்கு நான் எழுதிய கடிதங்களை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. எழுதுவது சுலபமாக இருந்தது.

வெங்கடம்மாளுக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. நேற்று, "என்னால உங்களுக்குத் தொந்தரவுங்க, திரும்பப் போய்க்கிறேன்" என்றாள். அதட்டி உட்கார வைத்தேன். பெரிய வீடு. அவள் சமைக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வேறு யாரும் இந்த வீட்டில் கை நனைப்பதில்லை. உறவுக்காரர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போகிறார்கள்.

நீ வா, முத்தாத்தா. பழனாவையும் சரசுவையும் கூட்டிக்கொண்டு வா. ஊர் கேட்டால் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே வா. வெங்கடம்மாள் பரிமாறட்டும். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

உன்
பத்மா